மெட்ராஸ் டெரஸ் வீடு: மாடியில் வெக்கை, கீழே ஈரம். எங்கே ஆரம்பிப்பது?

புதுவைக்காரன்: வணக்கம். புதுச்சேரியில் தாத்தா காலத்து வீடு. திண்ணை, முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது கட்டையும் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய தட்டைக் கூரை. சித்திரையில் ராத்திரி பதினோரு மணிக்கும் மாடி அறையில் படுக்க முடியவில்லை, ஐப்பசி வந்தால் அதே கூரை ஒழுகுகிறது. கீழே இடுப்பளவுக்கு எப்போதோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அதற்கு மேலே உப்பு பூத்து காரை உதிர்கிறது. காண்ட்ராக்டர் சொல்வது: தளத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட், முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட், மாடிக்கு ஃபால்ஸ் சீலிங், இரண்டு ஏசி. செய்யலாமா?

காரைவீடு: ஷீட் வேண்டவே வேண்டாம். வீட்டுச் சூடு மேலேறி வெளியே போகிற வழியே முற்றம்தான், அதை மூடிவிட்டு ஏசிக்கு கரண்ட் பில் கட்டுவதா? சாரல் தொந்தரவு என்றால் சுற்றுத் தாழ்வாரத்தின் ஓட்டுக் கூரையை இன்னும் ஒரு அடி நீட்டுங்கள், போதும்.

சுவரில் உள்ள சிமெண்டைக் கொத்தி எடுங்கள். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சிமெண்ட் வழியாக வெளியே வர முடியாமல் அதைத் தாண்டி மேலே ஏறுகிறது, நீங்கள் பார்க்கிற உப்பு அதுதான். செங்கலை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு அப்புறம் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரில் கலவை போடத் தெரிந்த கொத்தனார் காரைக்குடிப் பக்கம் இன்னும் கிடைப்பார்கள், கூலி கூடத்தான் கேட்பார்கள்.

மொட்டைமாடி: ஃபால்ஸ் சீலிங்கைத்தான் நான் முதலில் வெட்டுவேன். தேக்குக் கட்டை மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதற்கு மேல் தட்டையான சுட்ட ஓடு (தட்டோடு) பதித்த கூரை அது. தட்டோட்டு இடுக்கில் தண்ணீர் இறங்கினால் ஜல்லி ஊறி கனக்கும், கட்டை சுவருக்குள் நுழைகிற முனை உளுக்கும். சீலிங் போட்டுவிட்டால் உளுப்பும் தெரியாது, கரையானும் தெரியாது. கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்ததை மறந்துவிட வேண்டாம், அதைத் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனது. இன்றைக்கே ஏணி போட்டு ஒவ்வொரு கட்டை முனையிலும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

வெக்கைக்குக் காரணமும் கூரைதான், பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரியில் கக்குகிறது. பெயர்ந்த தட்டோட்டை மாற்றி, இடுக்கைச் சுண்ணாம்பால் அடைத்து, வருஷா வருஷம் மாசியில் தளத்துக்கு வெள்ளையடியுங்கள். பெயிண்ட் கோட்டிங் உள்ளே ஏற்கெனவே இருக்கிற ஈரத்தையும் சேர்த்து அடைத்துவிடும்.

புதுவைக்காரன்: நன்றி சார். ஏசி அறவே கூடாதா? அம்மாவுக்கு வயது 78.

மொட்டைமாடி: அம்மா படுக்கும் அறைக்கு ஒன்று போடுங்கள், கீழ்த்தளத்தில், கதவு ஜன்னல் இடுக்கை அடைத்துவிட்டு. மற்ற இடத்துக்கு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்தது), பழையது 75 வாட் இழுத்தால் இது 30 வாட் சுமார்தான். உயரமான கூரையாச்சே, ராடு நீளமாகக் கேட்டு வாங்குங்கள்.

காரைவீடு: மழைநீர்க் குழாய் வாயில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். இதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள்.