மறு: 'ரெஃப்யூஜ் ஏரியா' - பலகை நாளை அச்சுக்குப் போகிறது

குழுவினருக்கு வணக்கம்.

தீ விபத்தின்போது படி இறங்க முடியாதவர் தஞ்சமடையும் 'ரெஃப்யூஜ் ஏரியா'வின் கதவுப் பலகைக்கு, நாளை காலை பத்து மணிக்குள் ஒரு தமிழ்ச் சொல்லை அனுப்பியாக வேண்டும்.

> ஏமம் இருக்க வேறு சொல் எதற்கு?

காப்பு என்று பொருள்படும் 'ஏமம்' எனக்கும் பிடித்த சொல்தான் ஐயா. 306ஆம் குறள் சினத்தைத் தீயாக்கி 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது. அது சுடுவது 'ஏமப் புணையை', அதாவது காக்கும் தெப்பத்தை. தீயையும் காப்பையும் ஒரே குறளில் நீங்கள் காட்டியபோது சிலிர்த்தது. ஆனால் 'ஏமத்தளம்' என்று எழுதிக் காட்டினால் எங்கள் காவலாளி 'ஏமாத்து' என்று வாசிக்கிறார். புகைக்கு நடுவே யாரிடம் பொருள் கேட்பது?

> ஒதுங்கிடம் எளிமை.

மழைக்கு ஒதுங்குகிறோம், சரி. ஊர்ப்பக்கம் வேறு காரியத்துக்கும் அதே சொல்தானே.

> காத்திருப்பிடம்.

இதைத்தான் கடுமையாக மறுக்கிறேன். 24 மீட்டரைத் தாண்டும் கட்டடங்களுக்கு 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் இடம் இது. படி இறங்க முடியாதவர் புகையும் அனலும் படாமல் இருக்கவும், அங்கிருந்து அவரைப் பத்திரமாக இறக்கவும்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 69ஆம் மாடியிலிருந்து, நடக்க முடியாத ஜான் அப்ருசோவைச் சக ஊழியர்கள் ஓர் இறக்கு நாற்காலியில் கீழே கொண்டுவந்தார்கள். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாங்கி வைத்த நாற்காலி அது. அதே கோபுரத்தின் 27ஆம் மாடியில் உதவிக்குக் காத்திருந்த சக்கர நாற்காலிக்காரரும், அவரை விட்டுப் போக மறுத்த நண்பரும் மீளவில்லை. 'காத்திரு' என்று மட்டும் சொல்லும் சொல்லை அந்தக் கதவில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் சொல் 'புகலிடம்'. அகதி நினைவு வருகிறது என்றீர்கள். வரட்டுமே, உயிருக்கு ஓடி வருபவர்தானே இவரும். 'புகலிடம்' தூரத்திலிருந்து 'புகையிடம்' போலத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பெரும்பான்மை 'தீக்காப்பிடம்' என்கிறது. சக்கர நாற்காலியில் வரும் என் தோழியிடம் காட்டினேன். "மணல் வாளி, சிலிண்டர் எல்லாம் வைக்கிற இடமா?" என்று கேட்டாள். என் மறுப்பு பதிவாக இருக்கட்டும். ஆனாலும் பெரும்பான்மை கேட்ட 'தீக்காப்பிடம்' என்பதையே அச்சுக்கு அனுப்புகிறேன். கூடவே சக்கர நாற்காலிப் படமும், கீழே ஒரு வரியும் உண்டு: 'உள்ளே வந்து மணியை அழுத்துங்கள். உங்களை அழைத்துப்போக வருவோம்.'

அப்புறம், அதை 'வருவார்கள்' என்று திருத்திய நண்பருக்கு: 'வருவோம்' என்றே இருக்கட்டும். ஒவ்வொரு மாடியிலும் வரப்போகும் இருவர் யார் என்று கட்டட மேலாளரிடம் இன்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.