ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

வேர்தேடி:
ஹெலி + காப்டர் என்று அசை பிரித்து ஒரு பாடக்குறிப்பு சுற்றுகிறது. தப்பு. 1861-இல் குஸ்தாவ் த போன்தோன் தாமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்கத்திலிருந்து உருவாக்கிய சொல் இது. ஹெலிக்ஸ் என்றால் சுருள், ப்டெரோன் என்றால் சிறகு. ஆக, ஹெலிகோ + ப்டர்.

ஒலிக்காரன்:
வேரைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அசை வேருக்குக் கட்டுப்படாதே! ஆங்கில வாய்க்கு ‘ப்ட்’ என்று அசையைத் தொடங்க வராது. அதே ப்டெரோனில் பிறந்த டெரோடாக்டிலில் (pterodactyl, அழிந்துபோன பறக்கும் ஊர்வன) ‘ப்’ எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஹெலிகாப்டரில் முன்னால் ஓர் உயிர் இருப்பதால் ‘ப்’ அதோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது: காப்-டர். நாமும் செய்யுளில் அசை பிரிக்கும்போது ‘நான் இல்லை’ என்பதை ‘நா னில்லை’ என்றுதானே அலகிடுகிறோம்? ‘ன்’ எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வேர்தேடி:
அப்படி விட்டதால்தான் ஹெலிபேட், ஹெலிபோர்ட் எல்லாம் வந்தன. ‘ஹெலி’ என்று தனியாக ஒரு உறுப்பு அந்தச் சொல்லில் கிடையவே கிடையாது.

ஒலிக்காரன்:
கிடையாதுதான், இப்போது உண்டு. ஆல்கஹால் + இக் என்பதைத் தப்பாக வெட்டித்தான் வொர்க்கஹாலிக் (வேலைப் பித்தர்) பிறந்தது. அதை என்ன செய்யலாம்?

குறுக்கே_வந்தவன்:
இரண்டு பேரும் முதல் அசையை விட்டுவிட்டீர்கள். சில ஆங்கில அகராதிகளில் தலைச்சொல்லில் ‘எல்’ எழுத்துக்குப் பின்னால் புள்ளி: ஹெல்·இ·காப்·டர். சில அகராதிகளின் உச்சரிப்புக் குறியில் அதே ‘எல்’ அடுத்த அசைக்குப் போய்விடுகிறது: ஹெ-ல-காப்-டர். எது சரி?

ஒலிக்காரன்:
இரண்டும் சரி, வேலைதான் வேறு. தலைச்சொல்லில் உள்ள புள்ளி, வரிக் கடைசியில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்வது. வாய்க்கு வழி காட்டுவது உச்சரிப்புக் குறிதான். முதல் அசையில் நல்ல அழுத்தம், ‘காப்’பில் கொஞ்சம், மற்ற இரண்டும் மங்கல். நம்மவர்கள் நான்கையும் ஒரே கனத்தில் சொல்வதுதான் என் கவலை, வெட்டு அல்ல.

வேர்தேடி:
சரி, பேச்சுக்கு உங்கள் வெட்டு. சொற்பிறப்பு என்று வந்தால் ஹெலிகோ-ப்டர் என்றுதான் எழுதுவேன்.

ஒலிக்காரன்:
தாராளமாக. வரி முடிவில் மட்டும் அப்படி உடைத்துவிடாதீர்கள். அடுத்த வரி ‘ப்டர்’ என்று தொடங்கினால் படிப்பவர் வாயை எப்படித் திறப்பார்?