குமுளி மலையில் பத்மினி நிக்குது, அம்பாசடர் ஏறுது: இன்ஜின் சக்தி பத்தலையா, கோளாறா?

கூடலூர் பத்மினி:
பிரீமியர் பத்மினி, பெட்ரோல், 1089 சிசி. லோயர் கேம்ப் தாண்டி பாதி மலையில இழுவை விட்டுப்போகுது. ரெண்டு மூணு குலுக்கல், அப்படியே ஆஃப். அரை மணி நேரம் ஆறவிட்டா உடனே ஸ்டார்ட் ஆகுது. டெம்பரேச்சர் முள் நடுவுலதான் நிக்குது. கம்பம் வரைக்கும் சமவெளியில தொந்தரவே இல்ல. இதே ஏத்தத்துல அம்பாசடர் நாலு பேரோட நிக்காம போகுது. சின்ன இன்ஜின் மலைக்கு ஆகாதா? கார்புரேட்டர மாத்தணுமா, வண்டியவே மாத்தணுமா?

போடி பட்டறை:
எதையும் மாத்தாதீங்க தம்பி. முதல்ல அந்த அம்பாசடர் 1489 சிசி பழைய இன்ஜினா, 1817 சிசி இசுசு (ஜப்பான் கம்பெனி) இன்ஜினான்னு கேளுங்க. இசுசு, அஞ்சு கியர்னா அதோட ஒப்பிடுறதே நியாயமில்ல.

பழைய இன்ஜின்னா கணக்கு இதுதான். பத்மினிக்கு 40 குதிரைசக்தி, எடை 895 கிலோ. அம்பாசடருக்கு சுமார் 50, எடை 1,100 கிலோவை ஒட்டி. ரெண்டுக்குமே டன்னுக்கு 45 குதிரைதான் வருது. வித்தியாசம் ஸ்ட்ரோக்ல, அதாவது பிஸ்டன் மேல கீழ ஓடுற தூரத்துல இருக்கு: அம்பாசடருக்கு 88.9 மி.மீ., பத்மினிக்கு 75. அதனால அது குறைஞ்ச சுத்துலயே இழுக்கும், பத்மினிய ஒரு கியர் கீழ போட்டு சுத்த விட்டு ஏத்தணும். சக்தி பத்தாத வண்டி மெதுவா ஏறும். நின்னுபோய், ஆறினதும் திரும்ப ஓடுறது சக்தி குறைவால வராது. உங்களுது கோளாறுதான்.

அடுத்த தடவை நின்ன உடனே, ஆறுறதுக்குள்ள பாருங்க. காயில் (பொறிக்கு கரண்டைக் கூட்டித் தர்றது) வயரை டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் கொடுக்கிறது) மூடி நடுவுல இருந்து உருவி, காய்ஞ்ச துணியால பிடிச்சு, இன்ஜின் பிளாக்ல இருந்து 6 மி.மீ. தள்ளி வச்சு கிராங்க் பண்ணச் சொல்லுங்க. நீலமா, சத்தமா பொறி வந்தா கரண்ட் சரி. மஞ்சளா, மெலிசா வந்தா கண்டென்சர் இல்லன்னா காயில்.

பொறி நல்லா இருந்தா டேங்க் மூடியத் திறங்க. 'உஸ்'னு காத்து உள்ள இழுத்தா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு. சத்தம் இல்லன்னா பெட்ரோல் பம்பு (டேங்க்ல இருந்து கார்புரேட்டருக்கு பெட்ரோல் ஏத்துறது) மேல ஈரத்துணி போட்டு அஞ்சு நிமிஷம் தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. சிலிண்டர் ஹெட்ல மட்டும் பச்சைத்தண்ணி படக்கூடாது. பத்மினி ஹெட் அலுமினியம், வளைஞ்சிரும். அம்பாசடர் ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் தாங்கும்.

கம்பம்மெட்டு:
எலக்ட்ரிக் பம்பு போட்டா தீர்ந்திடுமே அண்ணே?

போடி பட்டறை:
கார்புரேட்டர் வண்டிக்கான குறைஞ்ச அழுத்தப் பம்பை டேங்க் பக்கத்துல மாட்டினா சரி. இன்ஜெக்‌ஷன் வண்டிப் பம்பை மாட்டினா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோலை அளவா நிறுத்துற மிதவை ஊசி தாங்காது, பெட்ரோல் சூடான மேனிஃபோல்டு (இன்ஜின் புகை வெளிய போற குழாய்) மேல வழியும். ஆனா காரணம் தெரியாம அதுக்குப் போக வேண்டாம்.

கூடலூர் பத்மினி:
இன்னைக்குப் பார்த்தாச்சு. பொறி நீலம். மூடியில சத்தம் இல்ல. ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. பம்பைக் கழட்டினா பிளாக்குக்கு நடுவுல மெலிசான காகித கேஸ்கட் மட்டும் இருக்கு.

போடி பட்டறை:
அதுதான் கோளாறு. அங்க தடிச்ச பேக்கலைட் (சூடு கடத்தாத கெட்டி பிளாஸ்டிக்) பேக்கிங் இருக்கணும், ரெண்டு பக்கமும் காகித கேஸ்கட்டோட. அது இல்லாம பிளாக் சூடு நேரா பம்புக்கு ஏறி பெட்ரோல் ஆவியாகுது. மலையில வேகம் குறைவு, காத்து பத்தாது, அதான் அங்க மட்டும் நிக்குது. பேக்கிங்கை அதே பழைய அளவுத் தடிமன்லயே வாங்குங்க. மெலிஞ்சா பம்பு லீவர் கூடுதலா ஓடி டயஃப்ரம் (பம்புக்குள்ள இருக்கிற சவ்வு) கிழியும். தடிச்சா பெட்ரோல் பத்தாது.

இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் இருக்கு. பழைய ரப்பரை அது கெடுக்கும். டயஃப்ரம், ஹோஸ் ரெண்டையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்திடுங்க. பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போனா ரெண்டு விரக்கடை தள்ளி வளைங்க.

ஓட்டுறதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ டயஃப்ரம் ஏற்கெனவே கிழிஞ்சு பெட்ரோல் சம்ப்ல (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறங்கியிருக்கு. ஆயிலை முழுசா மாத்தாம இன்ஜினை ஓட விடாதீங்க, பேரிங் போயிடும்.