ஜிப்சி பாகங்களில் இலகுவான பாறையேறும் பக்கி: எங்கிருந்து தொடங்குவது?

ஓசூர்_டூல்ரூம்:

வணக்கம். தளி பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. உழவுக்கு ஆகாது. முழுக்கக் கருங்கல் குண்டுகள், நடுவே செங்குத்தாகச் சாயும் ஒரு வழுக்குப்பாறை. அதில் ஊர்ந்து ஏறுவதற்கென்றே ஒரு பக்கி (உடம்புத் தகடு இல்லாமல் குழாய்ச் சட்டத்தில் கட்டும் இலகு வண்டி) கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போது ஒரு 2004 மாடல் மாருதி ஜிப்சி கிங் கிடைத்திருக்கிறது. சேஸி துருவில் போய்விட்டது. ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்தாகிவிட்டது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து, லோ என்ற மெதுவான கியரும் தரும் பெட்டி), இரண்டு ஆக்சில் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன.

நான் டூல்ரூம் ஆள். லேத், மில்லிங் கைவசம் உண்டு, மிக் வெல்டிங் செய்வேன். குழாய் வளைக்க மட்டும் வெளியே போக வேண்டும்.

காகிதத்தில் இதுவரை போட்டிருப்பது: இரண்டு சீட், வீல்பேஸ் 2500 மி.மீ., 35 இஞ்சு டயர், முன்னும் பின்னும் நாலு லிங்க் (ஆக்சிலைச் சட்டத்தோடு பிடிக்கும் தண்டுகள்), காயில் ஓவர் ஷாக் (ஸ்பிரிங்குக்குள் ஷாக்), ஆளைக் காக்கும் கேஜ் கூண்டு முழுக்க 44 மி.மீ. குழாய், இரண்டு டிஃபரன்ஷியலும் (டிஃப்) இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி வெல்டு வைத்து லாக். மொத்த எடை 800 கிலோவைத் தாண்டக் கூடாது. ஜிப்சி முழு வண்டியே 985 கிலோ அளவில்தான் என்பதால் இது சுலபமாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய் வாங்கினால் எடை இன்னும் இறங்குமா? ஜிப்சி ஆக்சில் 35 டயரைத் தாங்குமா? பழைய ஸ்டீயரிங் பாக்ஸையே வைக்கலாமா? கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணபதி_பட்டறை:

தம்பி, டயரில் இருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

35 இஞ்சு டயரை ஜிப்சி முன் ஆக்சிலில் மாட்டி, டிஃபும் வெல்டு வைத்துவிட்டால், முதலில் போவது நக்கிளுக்குள் (முன் சக்கரம் திரும்பும் இடம்) இருக்கும் பர்ஃபீல்டு ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைக் கடத்தும் உருண்டை மூட்டு. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியிருக்கிறீர்கள், ஒரு பக்கச் சக்கரம் கல் இடுக்கில் மாட்டி நிற்கிறது, மறுபக்கம் காற்றில் தொங்குகிறது என்று வையுங்கள். லாக் ஆன டிஃப் மொத்த முறுக்கையும் மாட்டிய பக்கத்துக்கே அனுப்பும். ஜாயிண்டும் அந்த நேரத்தில் முழுக் கோணத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் உருண்டைகள் கிண்ணத்தின் விளிம்பைப் பிளந்துகொண்டு வந்துவிடும். கழற்றிப் பார்த்தால் கிண்ணம் பூ மாதிரி விரிந்திருக்கும். சரி, பெரிய ஆக்சில் போடலாம் என்று கனமான ஜீப் ஆக்சிலுக்குப் போவீர்கள். அந்த எடைக்கு லிங்க் தடிமனாகும், ஷாக் பெரிதாகும், ஸ்டீயரிங்குக்கு ஹைட்ராலிக் வேண்டும், கடைசியில் இந்த 1.3 லிட்டர் இன்ஜினும் போதாது. 800 கிலோ என்று ஆரம்பித்தது 1200இல் போய் நிற்கும். இலகு பக்கி கட்ட நினைக்கும் நிறையப் பேர் இந்தச் சங்கிலியில்தான் மாட்டுகிறார்கள்.

உங்கள் எடைக்கு 31×10.5 R15 நிறைவான டயர். 33தான் எல்லை. முன் டிஃபை வெல்டு வைக்கவே வேண்டாம். பின்னால் மட்டும் வெல்டு வைத்து ஓட்டுங்கள். காசு சேர்ந்த பிறகு முன்னுக்கு, தேவைப்படும்போது மட்டும் பூட்டுகிற ஏர் லாக்கர் வாங்கலாம். ஜிப்சி டிஃப் தனிக் கூடாகக் கழன்று வரும் வகை என்பது பெரிய வசதி. சரியாக செட் செய்த ஒன்றைத் தயாராக வைத்திருந்தால், ஆக்சிலை இறக்காமலே மாற்றிவிடலாம்.

எடைக் கணக்குக்கு வருவோம். ஜிப்சியின் உடம்புத் தகடு நீங்கள் நினைக்கிற அளவு கனம் இல்லை. அதைக் கழற்றிய இடத்தில் கேஜும் பெரிய டயரும் வந்து உட்காரும். 44.5 மி.மீ. குழாய், 3 மி.மீ. சுவர் என்றால் மீட்டருக்கு 3.1 கிலோ. இரண்டு சீட் கேஜுக்கு ஐம்பது மீட்டர் ஓடும், ஆகக் குழாய் மட்டுமே 155 கிலோ. அடிச்சட்டம், ஆள் தலைக்கு மேல் வரும் வளைவுகள், அவற்றை இணைக்கும் குழாய்கள், இவற்றுக்கு மட்டும் அந்த அளவு போதும். மூலைவிட்டம், முன்மூக்கு, பின்பகுதியெல்லாம் 38 மி.மீ., 2.4 சுவர் போடுங்கள். அது மீட்டருக்கு 2.1தான். இதிலேயே 25 கிலோவுக்கு மேல் மிச்சமாகும்.

குரோமோலிக்கும் சாதா எஃகுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். சுவரை மெல்லியதாக்கினால் மட்டுமே எடை குறையும். அதற்கு டிக் வெல்டிங்கும் பொறுமையும் வேண்டும். உங்கள் மிக் மெஷினுக்கு சி.டி.டபிள்யூ குழாய் வாங்குங்கள். சென்னை ஆவடியிலேயே தயாராகிறது, ஓசூரில் ஸ்டாக் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கிடைக்கும். தகட்டைச் சுருட்டி வெல்டு செய்த சாதா ஈ.ஆர்.டபிள்யூ குழாய் வேண்டாம். சி.டி.டபிள்யூ என்பது வெல்டு செய்த குழாயைக் குளிர்நிலையில் அச்சில் இழுத்தது. சுவர் ஒரே சீராக இருக்கும், வலுவும் கூடுதல்.

மொத்த எடையைவிட, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். தலைக்கு மேல் ஐந்து கிலோ கூடுவதைவிட ஆக்சிலோடு இருபது கிலோ கூடுவதை நான் ஏற்றுக்கொள்வேன். ஜிப்சி டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை, நடுவில் ஒரு சின்ன ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட்டை வெட்டிச் சரிசெய்தால் இன்ஜினைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளலாம். இந்த வாய்ப்பை விடாதீர்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸ் பழையதே போதும், ஆனால் முன்னால் நாலு லிங்க் வேண்டாம். மூன்று லிங்க், கூட ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பேன்ஹார்டு ராடு. அந்த ராடு டிராக் லிங்குக்கு (ஸ்டீயரிங் பாக்ஸில் இருந்து சக்கரப் பக்கம் போகும் தண்டு) இணையாகவும் ஏறக்குறைய அதே நீளத்திலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பின்னால் நாலு லிங்க் சரி. ஆக்சில் முனையில் மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் இடைவெளி டயர் உயரத்தில் கால் பங்கு, அதாவது 31 டயருக்கு 200 மி.மீ. என்று தொடங்குங்கள். கீழ் லிங்க் பாறையில் உரசும், அடிவாங்கும். அதில் மட்டும் எடை பார்க்காமல் 6 மி.மீ. சுவர் போடுங்கள்.

வெல்டிங்கில் கை வைக்கும் முன், பழைய இரும்புக் கடைத் தராசுக்கு ஒவ்வொரு பாகத்தையும் கொண்டுபோய் நிறுத்து எழுதுங்கள்.

கோத்தகிரி_லோரேஞ்ச்:

அண்ணன் சொன்னதோடு கியரையும் பாருங்கள். ஊர்வதற்கு வேகம் எதற்கு? முதல் கியர் 3.65, டிரான்ஸ்ஃபர் லோ 2.27. கிரவுன் பினியன் (டிஃபில் இருக்கும் பெரிய, சின்ன கியர்கள்) பல்லை எண்ணுங்கள். 43க்கு 11 என்றால் 3.91. மூன்றையும் பெருக்கினால் 32 வரும், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 32 சுற்று. பெரிய டயர் மாட்டினால் அதிலும் கரையும். பழைய 410 ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 2.51, அதைப் போட்டால் 36 ஆகும். வெளிநாட்டில் இதே கேஸுக்கு 4.9 லோ கியர் செட் விற்கிறார்கள். அதை இறக்குமதி செய்தால் 70ஐத் தொடலாம். கிளச்சைத் தொடாமல், நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் பாறையில் இறங்க அதுதான் சுகம். 35 டயருக்கு வைத்திருக்கும் பணம் இதற்குப் போகட்டும்.

ஒன்று மறக்க வேண்டாம். அந்தக் கேஸ் மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. லோ கியரைக் கூட்டியதும் முறுக்கில் கேஸ் புரளப் பார்க்கும், மவுண்டின் கை விரிசல் விடும். புது சேஸிதானே கட்டுகிறீர்கள், மூன்று மவுண்டையும் ஒரே உறுதியான தொட்டிலாக இணைத்து, அதைச் சட்டத்தில் போல்ட் செய்யுங்கள்.

மல்லப்பாடி_வாசி:

பக்கி பற்றி எனக்கு அதிகம் தெரியாது, பாறை பற்றிச் சொல்ல வேண்டும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லப்பாடியில் வெள்ளை நிறப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, மல்லசந்திரத்தில் கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் கிடப்பவையும் இருக்கலாம். டயர் ஏறுவதற்கு முன் உங்கள் பாறைகளின் சாய்ந்த முகங்களையும் அடியில் உள்ள குடைவுகளையும் காலை வெயிலில் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். வெள்ளைக் கோடோ, வட்டமாக நட்ட கல்லோ தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். தளி பக்கம் காப்புக்காடு நெருக்கமாக உண்டு. நில எல்லையை சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர்_டூல்ரூம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாகங்களை நிறுத்துக் கூட்டிப் பார்த்தேன். 31 டயர், குழாய் இரண்டு அளவில் என்றால் எண்ணெய், பெட்ரோல் சேர்த்து 800ஐ ஒட்டி வருகிறது. என் பழைய கணக்கில் அது 900ஐ நெருங்கியது. 31தான் என்று முடிவு செய்துவிட்டேன், முன் டிஃப் ஓப்பனாகவே இருக்கும். பாறைகளை அப்பாவோடு போய்ச் சுற்றிப் பார்க்கிறேன், சர்வேயருக்கும் சொல்லியாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். ரேடியேட்டரையும் பெட்ரோல் டேங்கையும் எங்கே வைப்பது? டயரில் காற்று எவ்வளவு?

கணபதி_பட்டறை:

ரேடியேட்டரை சீட்டுக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள், மின்விசிறியோடு. முன்னால் வைத்தால் முதல் கல்லிலேயே மூக்கு இடிக்கும், பாதையும் மறைக்கும். சுடுதண்ணீர்க் குழாய் ஆள் பக்கமாக வராமல் சட்டத்துக்கு அடியில் போகட்டும். டேங்க் சின்னது போதும், பத்துப் பதினைந்து லிட்டர். பின் ஆக்சிலுக்கு முன்னால், தாழ்வாக, சீட்டுக்கும் அதற்கும் நடுவே முழுத் தகடு. உங்கள் இன்ஜின் எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்பது நல்லது, கார்புரேட்டர் செங்குத்தில் மூழ்கி அணைந்துவிடும். ஆனால் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை இழுக்காதபடி உள்ளே தடுப்பு வையுங்கள். ஆயில் பிரஷர் மீட்டர் கண்ணெதிரே இருக்கட்டும், சாய்ந்து நிற்கும்போது முள் விழுந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

காற்று, பீட்லாக் ரிம் (டயர் விளிம்பை இறுக்கிப் பிடிப்பது) இருந்தால் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. சாதா ரிம் என்றால் 10க்குக் கீழே போகாதீர்கள், டயர் ரிம்மில் இருந்து உருவிக்கொள்ளும். ஏற்றத்தில் மூக்கு தூக்கினால் முன் டயர்களில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிப் பார்க்கலாம். எடை கூடும், ஆனால் அது தரையோடு கிடக்கும் எடை.

இந்த வண்டி ரோட்டில் ஓடாது, பதிவும் ஆகாது. வீட்டில் இருந்து நிலத்துக்கு பிக்கப்பில் ஏற்றித்தான் போக வேண்டும். அதனால் மொத்த அகலம் பிக்கப் தொட்டிக்குள் அடங்குகிறதா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள். அப்புறம், சீட்டையும் பெல்ட்டையும் கேஜ் குழாயோடு இணைத்து, ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, தலைக்கும் மேல் குழாய்க்கும் நடுவே நான்கு விரல் இடமாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே கூரைக் குழாய்க்கு முழு வெல்டு. அதுவரை டாக் (அங்கங்கே புள்ளி வெல்டு) மட்டும். லிங்க் பிராக்கெட் படம் போட்டதும் இங்கே ஏற்றுங்கள், கோணம் பார்த்துச் சொல்கிறேன்.