ரசீதில் ஒரு கமா போட்டால் 140 டெஸ்ட் விழுகிறது, மாற்றலாமா?

காரைக்குடியான்:
ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கான பில்லிங் மென்பொருள், பைத்தானில். மொத்தம் 125000.00 என்று வருவதை 1,25,000.00 ஆக்கச் சொல்கிறார்கள். ரிக்ரெஷன் டெஸ்டுகள் (மாற்றத்தால் பழையது எதுவும் கெட்டதா என்று பார்ப்பவை) புதிய வெளியீட்டைப் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை. கமா போட்டதும் 140 விழுகிறது, அதாவது தோற்கிறது.

தேவகோட்டை:
மாற்றுங்க அண்ணே, பூஜ்யம் எண்ணித் தொகை படிப்பது ஆபத்து. ஆனால் அதே ஃபங்ஷன் சிஎஸ்வியும் (கமாவை வைத்துப் பத்தி, அதாவது காலம், பிரிக்கும் கோப்பு) எழுதுகிறதா பாருங்க. மேற்கோள் குறி இல்லாவிட்டால் ஒரு தொகை 1, 25, 000.00 என்று மூன்று பத்தியாகிவிடும்; ஆடிட்டர் சும்மா விடமாட்டார். அச்சுக்குத் தனி ஃபங்ஷன் வையுங்க. ஃபார்மேட்டில் வெறும் கமா கொடுத்தால் 125,000.00 தான் வரும்.

கோட்டையூர்:
பத்தி அகலமும் இடிக்கும். 9 எழுத்து 11 ஆகிறது. அகலம் 10 என்றிருந்தால் பைத்தான் வெட்டாது, வரியைத் தள்ளிவிடும்.

எதிர்பார்ப்புக் கோப்புகளை (டெஸ்ட் ஒப்பிடும் பழைய வெளியீடு) கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்காதீங்க. பழையது, புதியது இரண்டிலும் இலக்கங்களுக்கு நடுவே உள்ள கமாவை நீக்கி, தொடர் இடைவெளியை ஒன்றாக்கி ஒப்பிடுங்க. 140-ம் பொருந்தினால் தோற்றம் மட்டும்தான் மாறியிருக்கிறது. 138 பொருந்தினால் மிச்ச இரண்டில் கணக்கே மாறியிருக்கலாம். பிறகு கோப்புகளைத் தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) போடுங்க.

தேவகோட்டை:
2018-ல் நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) 1.14 அணிகளை (எண் வரிசைகளை) அச்சிடும் இடைவெளியை மாற்றியபோது பலருடைய டாக்டெஸ்டுகள் (ஆவணத்தில் உள்ள உதாரண வெளியீட்டை ஒப்பிடும் டெஸ்டுகள்) உடைந்தன. பழைய வடிவத்துக்கு 'லெகசி' தேர்வு கொடுத்தார்கள். பில்லை வேறு நிரல் ஏதும் படித்தால் நீங்களும் அப்படி ஒரு சுவிட்ச் வைக்கலாம்.