காலையில் கணினியைப் போட்டால் 2014 காட்டுகிறது, ஒரு தளமும் திறக்குதில்லை

கொக்குவில் கடை:
வணக்கம். போட்டோகொப்பி, பிரின்ட் அடிக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடையில் நிற்பது பழைய டெஸ்க்டொப், வின்டோஸ் 10. இரண்டு கிழமையாகக் காலையில் போட்டவுடன் கறுப்புத் திரையில் எஃப்1 ஐ அழுத்தச் சொல்லி நிற்கிறது. அழுத்தினால் உள்ளே போகும், ஆனால் திகதி 2014 ஜனவரி 1. பிறகு குரோமில் எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பில்லை என்று சிவப்பு முக்கோணம். கம்பஸ் பெடியள் அசைன்மென்ட் பிரின்ட் எடுக்க வந்து வரிசையில் நிற்க, நான் திகதி திருத்திக்கொண்டிருக்கிறேன்.

திருத்துபவரிடம் கொண்டு போனேன். வைரஸ் என்று சொல்லி வின்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார், காசும் வாங்கினார். அடுத்த நாள் காலை மறுபடியும் 2014. இப்போது புதுப் புதினம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: திகதியைக் கையால் மாற்றி "சின்க் நவ்" அழுத்தினால், மணிக்கூடு என் போனை விட அரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது.

மானிப்பாய் தம்பி:
குரோமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கோ அக்கா. எனக்கு ஒருக்கா சரிவந்தது.

கொக்குவில் கடை:
பார்த்தாயிற்று தம்பி. எட்ஜிலும் இதே கதைதான்.

நல்லூர் பழசு:
உலாவியில் பிழை இல்லை. ஒவ்வொரு தளமும் தான் உண்மையான தளம்தான் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும்; அதற்குத் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இருக்கும். உலாவி அதைக் கணினியின் மணிக்கூட்டோடு ஒப்பிடும். 2014 இல் இருந்து பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதுதான் விடமாட்டேன் என்கிறது.

ஒரு கேள்வி பிள்ளை: இரவில் கடை பூட்டும்போது சுவர் சுவிட்சையும் நிப்பாட்டுகிறீர்களா?

கொக்குவில் கடை:
ஓம் அண்ணை. எலி வயரைக் கடித்த நாளிலிருந்து எல்லாச் சுவிட்சையும் நிப்பாட்டித்தான் போவேன். யோசித்துப் பார்த்தால், போன வியாழன் மத்தியானம் கரண்ட் நின்று வந்தபோதும் 2014 காட்டியது. சும்மா ரீஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் ஆவதில்லை.

நல்லூர் பழசு:
அப்படியென்றால் கணினிப் பெட்டிக்குள் உள்ள பெரிய பலகையில், அதாவது மதர்போர்டில் இருக்கும் வட்டப் பற்றரி முடிந்துவிட்டது. சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி நின்றிருந்தாலும் பவர் சப்ளை மெல்லிய மின்சாரம் கொடுத்து மணிக்கூட்டை ஓட்டும். அது நின்றால் பற்றரிதான் ஓட்ட வேண்டும். வின்டோஸைப் பத்துத் தரம் புதிதாகப் போட்டாலும் பற்றரிக்கு உயிர் வராது.

"வின்டோஸ் தானாக நேரத்தைத் திருத்தாதா" என்று கேட்பீர்கள். திருத்தும், ஆனால் ஓர் எல்லைக்குள். கம்பனி நெட்வேர்க்கில் சேராமல் தனியாக நிற்கும் கணினியில் வழமையாக 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அது தானாகக் கை வைக்காது. உங்களுக்கோ வருடக்கணக்கு.

வாங்க வேண்டியது சிஆர்2032. 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, பெயரே அளவுதான். 3 வோல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை ஒருக்கா அழுத்தி மிச்ச மின்சாரத்தை விடுங்கோ. ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளப் பழையது எழும்பும். எழுத்துள்ள பக்கம் மேலே. பிறகு போடும்போது, வின்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய்த் திகதியை வைத்துச் சேமியுங்கோ.

அரை மணித்தியாலம் வேறு வியாதி. கீழே மணிக்கூட்டில் வலது கிளிக் செய்து நேரம் மாற்றும் இடத்துக்குப் போய், ரைம் ஸோனில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கோ.

கொக்குவில் கடை:
டாக்கா என்று கிடக்கிறது, பிளஸ் 6!

நல்லூர் பழசு:
அது கிரீன்விச் நேரத்தை விட 6 மணித்தியாலம் முன்னுக்கு, நம்முடையது ஐந்தரை. வின்டோஸ் போட்டவர் பழைய ஞாபகத்தில் 6 ஐத் தேடி எடுத்திருப்பார் போல. 1996 இல் இலங்கை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, முதலில் ஆறரை, பிறகு ஆறு. 2006 சித்திரையில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தோம். பட்டியலில் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்று பிளஸ் 5:30 இல் இருக்கும், அதை எடுங்கோ. சென்னை, கொல்கத்தா என்று இருக்கும் வரியும் அதே நேரம்தான், ஆனால் நம்முடையது இருக்கும்போது அது ஏன்?

மானிப்பாய் தம்பி:
நான் குரோமை அழிக்கச் சொன்னதை மறந்துவிடுங்கோ அக்கா.

கொக்குவில் கடை:
நேற்றுப் பின்னேரம் பற்றரி மாற்றினேன். முதலில் தலைகீழாகப் போட்டு அரை மணித்தியாலம் மினக்கெட்டது வேறு கதை. இரவு வழமைபோல எல்லாச் சுவிட்சையும் நிப்பாட்டினேன். இன்று காலை எஃப்1 கேட்கவில்லை, திகதி சரி, நேரமும் போனோடு ஒத்து நிற்கிறது. மிச்சம் நன்றி அண்ணை.

நல்லூர் பழசு:
சந்தோசம். பழைய பற்றரியை மேசையில் விட்டுவிடாதேங்கோ. சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் தொண்டையைப் புண்ணாக்கிவிடும்.