ஐசோட்ரெட்டினாயின் 20 மி.கி.: தங்கைக்குத் தொடங்கலாமா?

மஞ்சக்குப்பம்வாசி: தங்கைக்கு 22 வயது, எடை 50 கிலோ. கன்னத்தில் கட்டிப் பருக்கள், தழும்பும் விழுகிறது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 3 மாதம் கொடுத்தும் கேட்கவில்லை. தோல் மருத்துவர் இப்போது ஐசோட்ரெட்டினாயின் என்ற பரு மாத்திரையை எழுதியிருக்கிறார். பலன் பக்கவிளைவுக்கு ஈடாகுமா?

பாண்டி பார்மசிஸ்ட்: தழும்பு விழுகிறது என்றால் தள்ளிப்போடாதீங்க. மொத்த அளவு பொதுவாகக் கிலோவுக்கு 120 மி.கி., அதாவது 50 கிலோவுக்கு 6,000 மி.கி. தினம் 20 மி.கி. என்றால் 10 மாதம். முகம் தெளிந்ததும் பாதியில் நிறுத்தினால் பரு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். வெறும் இட்லியோடு போட்டால் சரியாக உறிஞ்சாது, கொழுப்பு வேண்டும். மதியம் மீன் குழம்போ முட்டையோ சாப்பிட்டதும் போடட்டும். டாக்ஸிசைக்ளினை முழுசா நிறுத்தணும். சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது.

நெய்தல்: முக்கியமானதை விட்டுட்டீங்களே! கர்ப்பத்தில் இது சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தடை. கல்யாணப் பேச்சு நடந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க. அதே காலத்தில் ரத்ததானமும் கூடாது. கல்லீரல், டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை தொடங்கும் முன்னும், பிறகு டாக்டர் சொல்லும்போதும்.

பாண்டி பார்மசிஸ்ட்: சரிதான். உதடு வெடிப்பது அநேகமாக எல்லாருக்கும் வரும், வாசலின் போதும். முதல் சில வாரம் பரு கூடலாம், பயப்பட வேண்டாம். சில்வர் பீச் வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். வாக்சிங் வேண்டவே வேண்டாம், தோல் உரிந்து வரும். மனச்சோர்வு, விடாத தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே டாக்டரைப் பாருங்க.